பிடியரிசி காத்த பள்ளிக்கூடங்கள்

பள்ளிக்கூடம் ஒன்றைத் திறத்தல் ஒரு தருமம். அதிலே சேர்ந்த பிள்ளையை இறுதி வகுப்புவரை கைவிடாது கொண்டுசெலுத்துதல் மற்றொரு தருமம். முன்னையதை நம்மவர் பெரிதும் போற்றுவர். அத்திவாரமிட்டவர் பெயர் கல்லிலே பொறிக்கப்படும். திறப்பு விழாவிலே மேளமும் மாலையும் உண்டு. பின்னைய தருமத்தைச் செய்தோர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அது வகுப்பாசிரியரின் வரவு இடாப்பிலே, இடையில் வெட்டப்படாமல் நின்ற பிள்ளைகளின் பெயர்களாகவே எஞ்சியிருக்கின்றது. நம் நாட்டுக் கல்வி வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கல்லையே படித்தனர். இடாப்பைப் படித்தவர் சிலரே. இக் கட்டுரையிலே நாம் இடாப்பின் பக்கம் நின்று அவ்வரலாற்றை நோக்க முயல்வோம்.

இவ்வெண்ணம் நமக்கு எழுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நாம் சாதாரணதரப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்த ஆண்டிலே, நம் வகுப்பிலிருந்து இருவர் அடுத்தடுத்து நின்றனர். ஒருவன் தந்தையை இழந்தவன். மற்றவன் தோட்டத்திலே தமையனுக்குத் துணையாகப் போனவன். முன்னவன் வீட்டுக்கு நம் ஆசிரியர் ஒருவர் மாலையிலே சைக்கிளிற் சென்றார். அவ்வூர்க் கோயிற் தருமகர்த்தா ஒருவர் மதியச் சாப்பாட்டுக்கு வழிசெய்தார். பையன் இருபது நாளிலே திரும்பி வந்தான். பின்னவன் வீட்டுக்கு எவரும் செல்லவில்லை. நாமுஞ் செல்லவில்லை. அவனுடைய பெயர் அடுத்த தவணை இடாப்பிலே இல்லை. இருவருக்கும் பாடசாலை ஒன்றே. அரசாங்கம் ஈந்த புத்தகமும் சீருடையும் ஒன்றே. வேறுபட்டது யாது? ஒருவனை ஊர் தேடிச் சென்றது. மற்றவனை ஊர் தேடவில்லை. இவ்வளவே. இந்தத் “தேடிச் செல்லுதல்” நம் நாட்டிலே எப்பொழுது தோன்றிற்று, எவ்வாறு வளர்ந்தது, எங்கே தடைப்பட்டது என்பதே நம் ஆராய்ச்சி.

ஆதியிலே நம் ஊர்களில் இருந்தவை திண்ணைப் பள்ளிக்கூடங்கள். அண்ணாவியார் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையிலோ மடத்திலோ இருந்து, மணலில் எழுத்தும் ஏட்டிற் சுவடியும் பயிற்றுவார். அவருக்குக் கிடைத்தது நெல்லும் காய்கறியும் பண்டிகைநாட் புடைவையும். அவ்வகையிலே அதுவும் ஊரார் சேர்ந்து தாங்கிய கல்வியே. எனினும், வயல் விதைப்பும் அறுப்பும் வந்தாற் பையன்கள் திண்ணையை விட்டுப் போவர். சிலர் மீள்வர், பலர் மீளார். பெண்பிள்ளைகளுக்குத் திண்ணையில் இடம் அரிது. ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகளுக்கு இடமே இல்லை. படிப்பை முடித்தல் என்று ஓர் எல்லை அக்காலத்திலே வகுக்கப்பட்டதும் இல்லை. வேண்டியமட்டும் படித்தான், போதும் என்று நின்றான் என்பதே வழக்கு.

படிப்புக்கு ஒரு தொடக்கமும் முடிவும் வகுத்து, முடிவுவரை பிள்ளையைத் தங்கவைக்க வேண்டும் என்று ஒழுங்குபட முயன்றவர் மிஷனரிமாரே. இதனை ஓர் இந்து இளைஞர் மலரிலே எழுதுவதற்கு நாம் கூசவேண்டியதில்லை. நாமும் மிஷன் பாடசாலையொன்றின் வாங்கிலிருந்து எழுத்தறிந்தவரே. 1816ஆம் ஆண்டிலே அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தங்கள் பணியைத் தொடங்கினர். ஊர்ப் பள்ளிகளைப் பலவாகத் திறந்த பின்னர் ஓர் உண்மையை அவர்கள் கண்டனர்: பகலிலே கற்பித்ததை இரவிலே வீடு கலைத்துவிடும், பிள்ளை நாலு நாள் வரும், மூன்று நாள் வாராது. ஆகவே விடுதிப் பள்ளிகளை அமைத்தனர். 1823இலே வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824இலே உடுவிற் பெண்கள் விடுதிப் பாடசாலையும் எழுந்தன.

விடுதியை நடத்தப் பணம் வேண்டும். அதற்கு அவர்கள் கண்ட உபாயம் நம் கருத்துக்கு உரியது. அமெரிக்காவிலேயுள்ள சபையாரோ தனிமனிதரோ ஒரு பிள்ளையின் உணவுக்கும் உடைக்கும் ஆண்டுதோறும் பணம் அனுப்புவர். அப்பிள்ளைக்கு அவ்வுபகாரியின் விருப்பப்படி ஒரு பெயர் இடப்படும். அக்காலத்து யாழ்ப்பாணத்தவர் சிலர் ஆங்கிலப் பெயரைச் சுமந்து வாழ்ந்தமைக்கு இதுவே காரணம். பாவலர் சரித்திர தீபகம் இயற்றிய சதாசிவம்பிள்ளை ஆர்னோல்ட் ஆனதும், விசுவநாதபிள்ளை கரோல் ஆனதும் இவ்வழியிலேயே. அக் கரோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையுமே 1857இல் மதராஸ் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாயினர். இருவரும் வட்டுக்கோட்டையிற் பயின்றவர்கள். கடல்கடந்த ஊரிலேயிருந்த ஒருவருக்கு, இலங்கையிலே இன்ன பெயருடைய பிள்ளை என் பொறுப்பு என்ற எண்ணம் இருந்தது. பிள்ளை இடையில் நின்றுவிட்டால் அவருக்குக் காரணஞ் சொல்ல வேண்டும். ஆகவே நிற்கவிடாது பார்த்துக்கொண்டனர்.

உடுவிலில் இடர் இன்னும் பெரிது. பெண்ணைப் பாதிப் படிப்பிலே அழைத்துக் கலியாணஞ் செய்துகொடுத்தல் ஊர் வழக்கம். ஹரியட் வின்ஸ்லோ அம்மையாரும் அவர் வழிவந்தோரும், படிப்பை முடிக்கும் பெண்ணுக்கு மிஷனே சீதனம் கொடுக்கும் என்று சொல்லிப் பெற்றோரை இணக்கினர். யாழ்ப்பாணத்துத் தந்தையின் தலையாய கவலை எதுவென அறிந்து, அக்கவலையின் வாயிலாகவே பெண்ணைப் பள்ளியில் நிறுத்திய சாதுரியத்தை என்னென்பது! 1842 முதல் 1879 வரை அப்பாடசாலைக்குத் தலைவியாயிருந்த எலிசா அக்னியூ அம்மையாரை ஆயிரம் பெண்களின் தாய் என்று அழைத்தமை வெறும் புகழுரையன்று.

ஆயின், இவ்வுதவிக்கு ஒரு விலை இருந்தது. பெயரோடு சமயமும் மாறவேண்டும் என்பதே மிஷனின் உள்ளக்கிடக்கை. மிஷன் வளவிலே சமைத்த சோற்றை உண்ண முதலில் ஊரார் தயங்கியதும் இதனாலேயே. தன் பிள்ளை கற்க வேண்டும், ஆனால் தன் வழியினின்றும் பிரியலாகாது என்று எண்ணிய சைவத் தாய்தந்தையர்க்கு வேறு வழி இல்லை. அந்த வேறு வழியைத் தேடியவர், அந்த மிஷன் பாடசாலையின் வயிற்றிலேயே பிறந்தவர்.

1822ஆம் ஆண்டிலே நல்லூரிற் பிறந்த ஆறுமுக நாவலர், யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே ஆங்கிலங் கற்று, அங்கேயே ஆசிரியராயிருந்து, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய நூல் மொழிபெயர்ப்பிலே துணைபுரிந்தவர். மிஷனரிமாரின் பலம் அவர்களுடைய மதத்திலன்று, அவர்களுடைய ஒழுங்கிலே இருக்கின்றது என்பதை அவர் அருகிருந்து கண்டார். 1847 மார்கழி 31ஆம் நாள் வெள்ளிக்கிழமை வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே அவருடைய முதற் பிரசங்கம் நிகழ்ந்தது. அடுத்த ஆண்டு, 1848இலே, அவ்வூரிலேயே சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கிற்று. அவ்வாண்டிலேயே மிஷன் உத்தியோகத்தை அவர் துறந்தார், இல்லறத்தையும் ஏற்றாரில்லை.

வித்தியாசாலைக்கு மூலதனம் எங்கே? அமெரிக்க உபகாரிகள் இல்லை. அரசாங்க நன்கொடை தொடக்கத்திலே இல்லை. மிஷன் பாடசாலைகளே அதனைப் பெற்றன. இந்நிலையிலே வண்ணார்பண்ணை வீடுகளின் அடுப்பங்கரையை நாவலர் நாடினார். நாடோறும் உலைக்கு அரிசி இடும்போது ஒரு பிடி அரிசியை வேறாக ஒரு முட்டியிலே போட்டு வைத்தல்; சேர்ந்ததை எடுத்துச் சென்று வித்தியாசாலைச் செலவுக்கு ஆக்குதல். இதுவே பிடியரிசித் தருமம். சிறு துளி பெருவெள்ளம் என்பது வாய்ச்சொல்லாக நில்லாது, ஓலைக் கூரையும் உபாத்தியாயர் சம்பளமும் ஆயிற்று.

பிடியரிசியின் சிறப்பை அதன் தொகையாற் கணிப்போர் அதன் பொருளை உணராதவர். ஆயிரம் ரூபாவை ஒருமுறை கொடுக்கும் தனவந்தர் கொடுத்ததை மறந்துவிடலாம். நாள்தோறும் ஒரு பிடி எடுத்துவைக்கும் தாய் மறக்கமாட்டாள். முட்டியிற் கைவைக்கும்போதெல்லாம் பள்ளிக்கூடம் அவள் நினைவுக்கு வரும். தன் அரிசியால் நடக்கும் பள்ளிக்குத் தன் மகன் போகாதிருந்தால் அவளுக்குப் பொறுக்குமா? அடுத்த வீட்டுப் பையன் பட்டம் விட்டுத் திரிந்தால், “ஏன் மோனை பள்ளிக்குப் போகேல்லை?” என்று கேளாதிருப்பாளா? அரிசி சேர்க்க வருபவரும் வீட்டுக்கு வீடு செல்பவர். எந்த வீட்டிலே காய்ச்சல், எந்த வீட்டிலே அடுப்பு எரியவில்லை, எந்தப் பையன் தோட்டத்துக்குப் போகின்றான் என்பதெல்லாம் அவர் அறிவார். அரிசி வீட்டிலிருந்து பள்ளிக்குச் சென்றது. செய்தி பள்ளியிலிருந்து வீட்டுக்கும் வீட்டிலிருந்து பள்ளிக்கும் சென்றது. மிஷன் விடுதி பிள்ளையை வீட்டினின்றும் பிரித்துக் காத்தது. பிடியரிசியோ வீட்டையே பள்ளியோடு பிணைத்துக் காத்தது. இரண்டுக்குமுள்ள வேறுபாடு இதுவே.

நாவலர் மற்றொன்றையுஞ் செய்தார். பிள்ளை இடையில் நிற்பதற்குக் கையிலே நல்ல புத்தகம் இல்லாமையும் காரணம் என அறிந்து, அச்சுயந்திரம் வாங்கி, எளிய வசனநடையிலே பாலபாடங்களைப் படிமுறையாக எழுதி வெளியிட்டார். முதலாம் புத்தகத்தை முடித்த பிள்ளைக்கு இரண்டாம் புத்தகம் காத்திருந்தது. வகுப்பேறுதல் என்னும் ஆசையை நம் தமிழ்ப் பள்ளிகளிலே ஊட்டியது இப் படிமுறையே. 1876, 1877ஆம் ஆண்டுகளிலே யாழ்ப்பாணத்தைப் பஞ்சமும் கொள்ளைநோயும் வாட்டியபோது, கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளுக்குக் கஞ்சி வார்ப்பித்தவரும் அவரே. பசித்த வயிற்றுக்குப் பாடம் ஏறாது என்பதை அவர் நூலிலே கற்றாரல்லர்.

அவர் முயற்சிகளுள் ஒன்று தோற்றது. அத் தோல்வியும் நமக்கு ஆசிரியனே. 1872இலே சைவப் பிள்ளைகளுக்கென ஓர் ஆங்கில வித்தியாசாலையை வண்ணார்பண்ணையிலே தொடக்கினார். அது நாலாண்டளவிலே பொருள் முட்டுப்பாட்டால் மூடப்பட்டது. தமிழ்ப் பள்ளிக்குப் பிடியரிசி போதும். ஆங்கிலப் பள்ளிக்கு வேண்டிய பெருஞ் செலவை ஒரு தனிமனிதரின் தவத்தால் மட்டும் தாங்க இயலாது. நாவலர் 1879இலே சிவபதமடைந்தார். அவருக்குப் பின் அவர் வழிவந்தோர் செய்த முதற் காரியம், அவரைப் போல் இன்னொரு நாவலரைத் தேடாது, ஒரு சபையைக் கூட்டியதே. 1888இலே சைவபரிபாலன சபை உருவாயிற்று. மறுவருடம் இந்துசாதனம் பத்திரிகை வெளிவந்தது. 1890இலே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி எழுந்தது. நாவலரால் நாலாண்டு நடத்த முடியாததைச் சபையாரால் நிலைபெறச் செய்ய முடிந்தது. வழக்கறிஞரும் வணிகரும் ஆசிரியரும் கோயிலாரும் கைகோத்தமையே காரணம்.

அச் சபை வழியிலே 1923இலே சைவ வித்தியாவிருத்திச் சங்கம் தோன்றிற்று. ஊரார் “இந்துப் போட்” என்றே அழைத்த இச்சங்கத்தின் உயிராயிருந்தவர் சு. இராசரத்தினம் அவர்கள். வழக்கறிஞராகிய அவர் தம் தொழிலையும் பொருளையும் சைவப் பாடசாலைகளுக்கே அர்ப்பணித்தார். ஊரவர் ஓர் இடத்திலே கொட்டில் கட்டிப் பிள்ளைகளைச் சேர்த்தால், அதனைச் சங்கம் பொறுப்பேற்று, அரசாங்கப் பதிவும் நன்கொடையும் பெறுவித்து, ஆசிரியரை நியமிக்கும். இவ்வாறு நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகள் அதன் கீழ் வந்தன. ஊர் நிலங் கொடுத்தது. சங்கம் ஒழுங்கு கொடுத்தது. அரசாங்கம் பணங் கொடுத்தது. முக்கோலில் ஒரு கோல் குறைந்தாலும் பானை நில்லாது. திருநெல்வேலியிலே சைவாசிரியர்களைப் பயிற்றும் கலாசாலையையும், தாய்தந்தையரை இழந்த சிறுவர்க்கு ஓர் இல்லத்தையும் அச்சங்கம் நடத்திற்று. அநாதைப் பிள்ளையே பள்ளியை முதலில் விட்டுப் போகின்ற பிள்ளை என்பதை உணர்ந்த செயல் அது. பெண்கள் கல்வியிலே, சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மருதனார்மடத்திலே நிறுவிய விடுதிக் கல்லூரி சைவப் பெண்களுக்கு உடுவில் ஒத்ததோர் இடத்தை அளித்தது.

இனி, கிழக்கே செல்வோம். யாழ்ப்பாணத்துக்கு நாவலர் எவ்வாறோ, மட்டக்களப்புக்கு விபுலாநந்த அடிகள் அவ்வாறு. 1892இலே காரைதீவிலே பிறந்த அவரும் மிஷன் பாடசாலைகளிலேயே பயின்றவர். கல்முனை மெதடிஸ்த பாடசாலையும் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியும் அவரைப் பயிற்றின. மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராயிருந்த பின், இராமகிருஷ்ண சங்கத்திற் சேர்ந்து, 1924இலே துறவறம் பூண்டு, மறுவருடம் நாடு திரும்பினார். வயலும் வாவியும் சூழ்ந்த அந்நாட்டிலே ஊருக்கு ஊர் தூரம் அதிகம். படுவான்கரைப் பிள்ளை தோணியேறி வந்து நாள்தோறும் படித்தல் எளிதன்று. ஆகவே, சிதறிக் கிடந்த ஊர்ப் பள்ளிகளை மிஷன் பொறுப்பிலே ஒன்றுசேர்த்ததோடு, கல்லடி உப்போடையிலே மாணவர் இல்லமும், 1929இலே சிவானந்த வித்தியாலயமும் அமைத்தார். ஊர்ப் பள்ளியில் ஒளிவிட்ட ஏழைப் பிள்ளைக்கு மேற்படிப்புக்கு ஓர் ஏணி அங்கே வைக்கப்பட்டது. பின்னாளிலே அண்ணாமலைச் சர்வகலாசாலையிலும் இலங்கைச் சர்வகலாசாலையிலும் தமிழ்ப் பேராசிரியராய் வீற்றிருந்த அவர், அந்த ஏணியின் முதற்படியை ஒருநாளும் மறந்தாரல்லர்.

நிற்க. இதுவரை நாம் புகழ்ந்தே வந்தோம். வரலாறு எழுதுவோன் புகழ்ச்சியோடு நிறுத்துவானாயின் அவன் பாணனாவானன்றி வரலாற்றாசிரியன் ஆகான். பிடியரிசி முட்டி எல்லா வீட்டு வாயிலுக்கும் செல்லவில்லை. சில தெருக்களின் எல்லையிலே அது நின்றுவிட்டது. அத்தெருப் பிள்ளைகளுக்குச் சைவப் பள்ளியின் கதவும் திறக்கவில்லை. திறந்த இடங்களிலும் வாங்கிலே சமமாக இருக்க விடவில்லை. மிஷன் பாடசாலைகளிலும் இக்குறை முற்றாக நீங்கவில்லை. 1930ஆம் ஆண்டையொட்டி, உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளிலே எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் அளிக்கவேண்டும் என்று அரசாங்கம் பணித்தபோது, யாழ்ப்பாணத்தவருள் ஒரு சாரார் அதனை எதிர்த்து விண்ணப்பஞ் செய்தனர். சில பாடசாலைகளுக்குத் தீயும் இடப்பட்டது. பிடியரிசி சேர்த்துக் கூரை வேய்ந்த அதே நாட்டிலே, ஒரு பிள்ளை வாங்கிலே இருந்தது என்பதற்காகக் கூரை எரிந்தது. இதனை எழுதும்போது நம் கை தயங்குகின்றது; எனினும் எழுதாதிருப்பது பொய் எழுதுவதற்கு ஒப்பாகும்.

அக் கதவுகளுக்கு வெளியே நின்றோர் சும்மா நின்றாரல்லர். வடமராட்சியிலே சூரன் அவர்கள், இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டிலேயே, தம் மக்களுக்கெனத் தேவரையாளிச் சைவ வித்தியாசாலையைத் தோற்றுவித்தார். வறியவராகிய அம்மக்கள் தம் உழைப்பாலே அதனைத் தாங்கினர். அது பின்னாளிலே தேவரையாளி இந்துக் கல்லூரியாக வளர்ந்து, ஆசிரியர்களையும் எழுத்தாளர்களையும் ஈன்றது. நாவலருடைய பிடியரிசிக்கு அது சற்றும் குறைந்த தருமமன்று. உடையவர் கொடுத்ததினும் இல்லாதவர் கொடுத்தது பெரிதாகலின், மிக்க தருமம் என்றே கூறலாம். ஊர் என்ற சொல்லுக்குள் யார் அடங்குவர் என்பதைக் கேளாமல், ஊரார் ஒற்றுமை, ஊரார் தருமம் என்று பேசுவது பயனற்றது. இப்பாடத்தை நமக்குப் புகட்டியது தேவரையாளி.

1924இலே மாணவர் காங்கிரசாய்த் தொடங்கிப் பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற இயக்கத்தார் தீண்டாமையை வெளிப்படையாய்க் கண்டித்தனர். அவர்கள் நம்மையொத்த இளைஞர். பலர் மிஷன் பாடசாலைகளிற் படித்தவர், படிப்பித்தவர். அவ்வியக்கத்தின் தலைவர்களுள் ஒருவராகிய ஹண்டி பேரின்பநாயகம், கல்வி எல்லோர்க்கும் இலவசமாதல் வேண்டும் என்று பின்னர் வாதாடியவர்களுள்ளும் ஒருவர். கல்வி மந்திரி சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945 ஐப்பசியிலே இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. சம்பளங் கட்ட இயலாமையாற் பள்ளியை விட்ட பிள்ளைகளின் நெடிய வரிசை அன்றோடு குறுகத் தொடங்கிற்று. ஒரு சட்டம் ஓராயிரம் முட்டிகளின் வேலையைச் செய்தது.

1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால், உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளுட் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. இந்துப் போட்டின் பள்ளிகளும் இராமகிருஷ்ண மிஷன் பள்ளிகளும் மிஷனரிமாரின் பள்ளிகள் பலவும் அரசாங்கத்தைச் சார்ந்தன. இதனால் விளைந்த நன்மையை மறைத்தல் தகாது. ஆசிரியர்க்குச் சம்பளம் நிலைத்தது. எப்பிள்ளையையும் சேர்க்கமாட்டேன் என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லாது போயிற்று. 1980இலே பாடப்புத்தகம் இலவசமாயிற்று. 1993இலே சீருடைத் துணியும் இலவசமாயிற்று. 5 வயது முதல் 14 வயதுவரை கட்டாயக் கல்வி என்ற விதி 1998இல் நடைமுறைக்கு வந்து, 2016இலே 16 வயதுவரை நீண்டது.

ஆனால் இழந்ததும் ஒன்றுண்டு. முன்னே பள்ளி ஊரினுடையது. பின்னே பள்ளி அரசாங்கத்தினுடையது. கூரை ஒழுகினால், “கந்தோருக்கு அறிவியுங்கள்” என்று கூறக் கற்றோம். பிள்ளை வாராவிட்டாலும் அதுவே விடையாயிற்று. முட்டி உடைந்ததோடு, முட்டியோடு வீடு வீடாகச் சென்ற கால்களும் நின்றன. அரசாங்கம் அரிசியின் இடத்தை நிரப்பிற்று. அரிசி சேர்க்க வந்தவரின் இடத்தை அஃதால் நிரப்ப முடியவில்லை. சட்டம் பிள்ளையைப் பள்ளிக்கு வா என்று அழைக்கும். ஏன் நேற்று வரவில்லை என்று கேட்பதற்கு ஒரு மனிதர் வேண்டும்.

துன்பக் காலங்களிலே அம்மனிதர் மீண்டுந் தோன்றினர் என்பதற்கு நம் மூத்தோர் சாட்சி. 1995 ஐப்பசி 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஒரே இரவிலே தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தனர். அங்கே இடம்பெயர்ந்த பாடசாலைகள் பிறர் கட்டடங்களிலே பிற்பகல் வேளைகளிலும், மரநிழல்களிலும் கூடின. 2004 மார்கழியிலே கடல்கோள் கரையோரப் பள்ளிகளை அழித்தபோது, கோயில்களும் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் பிள்ளைகளுக்குப் புகலிடமாயின. 2009இலே வன்னியினின்றும் வந்த மாணவர் வவுனியா முகாம்களின் முள்வேலிக்குள்ளேயே அவ்வாண்டு உயர்தரப் பரீட்சையை எழுதினர். உறவிழந்து, உடைமை இழந்து, அங்கம் இழந்து வந்தவர்களும் அவருள் இருந்தனர். அவர்களுக்குப் பாடஞ் சொல்லிக்கொடுத்தவருள், அவர்களோடு அதே முகாமில் அடைபட்டிருந்த ஆசிரியர்களும் உண்டு. கல்லிலே பெயர் பொறிக்கப்படாதவர் வரிசையிலே இவர்களை முதலில் வைக்கவேண்டும்.

இன்று பழைய மாணவர் சங்கங்களும், கடல்கடந்து வாழும் நம்மவரும் பாடசாலைகளுக்குப் பெரும்பொருள் அனுப்புகின்றனர். மண்டபம் எழுகின்றது; விளையாட்டரங்கு எழுகின்றது; கல்லிலே பெயரும் எழுகின்றது. மகிழ்ச்சியே. ஆயினும் அமெரிக்க உபகாரிக்கு இருந்த ஒன்று இவர்களுட் பலருக்கு இல்லை. அவருக்கு ஒரு பிள்ளை தெரியும். சமயத்தை மாற்றும் எண்ணத்தை நீக்கிவிட்டு, அந்தப் பொறுப்பை மட்டும் நாம் எடுத்துக்கொண்டால் என்ன? வண்ணார்பண்ணைத் தாயின் முட்டியையும், உடுவில் அம்மையாரின் சாதுரியத்தையும், தேவரையாளியாரின் தன்மானத்தையும் ஒருங்கே கொண்டதொரு முயற்சி நம் காலத்துக்கு ஏற்றதாகும்.

அம்முயற்சிக்குப் பெருந்திட்டம் வேண்டியதில்லை. நம் மன்றத்தைச் சேர்ந்த ஒவ்வொரு கிளையும் தன் அயலிலுள்ள ஒரு பாடசாலையின் அதிபரோடு உடன்பட்டு, மூன்று நாள் தொடர்ந்து வாராத பிள்ளையின் வீட்டுக்கு இருவரை அனுப்பலாம். காரணம் பசியானால் கோயிலோடு பேசலாம். பயணமானால் ஒரு பழைய சைக்கிள் தேடலாம். கணக்குப் பாடம் விளங்காமையானால் சனசமூக நிலையத்திலே மாலை வகுப்பு வைக்கலாம். பெண்பிள்ளையின் கலியாணப் பேச்சானால் நம் தாய்மாரை முன்னிட்டுப் பெற்றோரோடு இருந்து பேசலாம். அதிபரும் ஆசிரியரும் வழிகாட்ட, கோயிலும் வாசிகசாலையும் வணிகரும் துணைநிற்க, நாம் கால்களாக இருப்போம். ஒன்றை மட்டும் முதலிலேயே உறுதிசெய்துகொள்வோம்: எந்தத் தெருவின் எல்லையிலும் நம் கால்கள் நிற்கலாகா. மலைநாட்டுத் தோட்டங்களிலே, லயத்து அறையிலிருந்து பள்ளிக்கு நெடுந்தூரம் நடந்து இறங்கும் பிள்ளையும் நம் பிள்ளையே என்பதை மறக்கலாகாது. தோட்டப் பள்ளிகள் 1970கள் வரை தோட்டத் துரைமாரின் ஆதீனத்திலேயே பெரும்பாலும் கிடந்தன. அப்பிள்ளைகளுக்காக வடக்கிலும் கிழக்கிலும் நம் முட்டிகள் நிரம்பியதில்லை. அக்கடனும் நம்மீது உண்டு.

நாம் தொடக்கத்திலே கூறிய இரண்டாவது தோழனை அண்மையிலே சந்தையடியிற் கண்டோம். தோட்டத்து வெங்காய மூடையை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தான். உழைப்பு இழிவன்று; அவன் நம்மினும் நேர்மையாகவே உழைக்கின்றான். “கம்பஸ் எப்பிடிப் போகுது?” என்று சிரித்துக் கேட்டான். விடை கூறினோம். அவன் போனபின்னரே நமக்கு உறைத்தது: நம்மைப் பற்றி அவன் கேட்டான், அன்று அவனைப் பற்றி நாம் ஒருநாளும் கேட்கவில்லை. அவன் வீடு நம் பாடசாலையிலிருந்து ஒன்றரை மைல்.

ஒன்றரை மைலை நடப்பதற்கு அரசாங்கச் சட்டம் வேண்டியதில்லை. அமெரிக்கப் பணமும் வேண்டியதில்லை. நாவலர் பெருமான் நம்மவரிடம் கேட்டது ஒரு பிடி அரிசி. நம் காலம் நம்மிடங் கேட்பது ஒரு மாலைப்பொழுது. அதனை மறுக்காதிருக்கும் மனத்தை நமக்கும் நம் மன்றத்து இளைஞர் யாவர்க்கும் எல்லாம் வல்ல சிவபெருமான் திருவருள் பாலிப்பதாக.